மண் போட்டு மூடினால் நெருப்பு அணைந்ததாகுமா?

அமெரிக்கத் தேசிய வனத்தில் மூட்டிய முகாம் நெருப்பை நேற்று மண்ணால் மூடிவிட்டுக் கிளம்பியது குற்றமா என்று கேட்டிருக்கிறீர்கள். உள்ளே கனல் இருந்திருந்தால், குற்றம்தான். கூட்டாட்சிக் குற்றவியல் சட்டத்தின் 1856ஆம் பிரிவு, மூட்டிய நெருப்பை முழுவதும் அணைக்காமல் விட்டுச் செல்வதையே குற்றமாக்குகிறது. காடு பற்றி எரிந்திருக்க வேண்டும் என்பதில்லை, ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்.

மண் கனலைப் பெரும்பாலும் அணைப்பதில்லை, பொத்தி வைக்கிறது. சாம்பலுக்கடியில் சிவந்திருக்கும் கரி பல மணி நேரம் கழித்தும் காற்றுப் பட்டால் மூண்டுவிடும். தண்ணீர் ஊற்றி, சீறல் அடங்கும்வரை கிளறி, புறங்கையை அருகே கொண்டுபோய்ச் சூடு இல்லையென்று உறுதிசெய்வதே முறை. இப்போதைக்கு, தண்டனையை எண்ணித் தயங்காமல், இடத்தைக் குறிப்பிட்டு அந்த வன அலுவலகத்துக்கு உடனே தெரிவித்துவிடுங்கள்.