வேட்டையாடித் திரிந்த மனிதன் எப்படி விவசாயத்துக்கு மாறினான்?

யாரோ ஒருவர் ஒருநாள் விதை போட்டுப் பார்த்து விவசாயத்தைக் கண்டுபிடித்தாரா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அது பல தலைமுறைகள் இழுத்த மாற்றம்.

சிரியாவில் யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் அபு ஹுரைரா என்ற ஊர் இருந்தது. 1972, 73-இல் தொல்லியல் ஆய்வாளர்கள் அதை அவசரமாகத் தோண்டினார்கள். அப்புறம் அணை நீர் அதை மூழ்கடித்துவிட்டது. சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே குடியேறியவர்கள் மான் வேட்டையாடி, காட்டுத் தானியங்களைச் சேகரித்தவர்கள். அதாவது ஊர் முதலில் வந்தது, வயல் பிறகுதான்.

சரி, காட்டுக் கோதுமை எப்படிப் பயிரானது? காட்டுக் கதிர் பழுத்ததும் உடைந்து மணி தானாகவே உதிர்ந்துவிடும். சில செடிகளில் மட்டும் உதிராது. அரிவாளால் அறுக்கும்போது அந்த உதிராத மணிகளே அதிகம் வீடு வந்து சேரும். அவற்றையே மீண்டும் விதைக்க விதைக்க, உதிராத வகை பெருகியது. இன்றும் ஆய்வாளர்கள் பழைய கதிரின் கணுவைப் பார்க்கிறார்கள்: வழவழப்பான வடு என்றால் காட்டு வகை, பிய்த்த மாதிரி சொரசொரப்பாக இருந்தால் பயிர் வகை.

இதற்குக் கொடுத்த விலை பெரிது. அபு ஹுரைரா பெண்களின் எலும்புகளில் கால் கட்டைவிரல் தேய்ந்திருக்கிறது, முழங்காலும் கீழ்முதுகும் பாதிக்கப்பட்டிருக்கின்றன. அம்மி போன்ற கல்லின் முன் கால்விரல்களை மடக்கி மண்டியிட்டு, மணிக்கணக்கில் மாவரைத்த உடம்புகள் அவை. எனக்கு இந்த வரலாற்றில் மனதைவிட்டு அகலாதது அந்தக் கட்டைவிரல்தான்.