பதினொரு வயதுச் சிறுவனின் முழங்கையும் வார இறுதிப் போட்டிகளும்

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகருக்கு அருகே வசிக்கிறோம். என் மகனுக்கு 11 வயது. பேஸ்பாலில் பந்து வீசும் பிட்சர். சில ஆட்டங்களில் மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்ச்சராகவும் நிற்பான். ஊர் லீக் அணியில் ஆடுவதோடு, சென்ற ஆகஸ்டு முதல் ஒரு டிராவல் அணியிலும் ஆடுகிறான். ஏறக்குறைய எல்லா வார இறுதியும் வெளியூர்ப் போட்டிதான். சென்ற வாரம் புதன்கிழமை ஊர் லீகில் 60 பந்து வீசினான். சனிக்கிழமை காலை டிராவல் அணிக்கு 48 பந்து. மதிய ஆட்டத்தில் கேட்ச்சர். ஞாயிற்றுக்கிழமை 41 பந்து. அன்று இரவு தட்டைத் தூக்கும்போது வலது முழங்கையின் உட்பக்கம் வலிக்கிறது என்றான். ஐஸ் வைத்தால் போதும் என்கிறார் பயிற்சியாளர். இப்போது விட்டால் பள்ளி அணியில் இடமும் பிறகு கல்லூரி உதவித்தொகையும் கைவிட்டுப் போய்விடும் என்று என் கணவர் கவலைப்படுகிறார். டிராவல் பேஸ்பாலால் பிள்ளைக்கு நன்மை அதிகமா, தீமை அதிகமா? நிறுத்திவிடட்டுமா?

பதில்: உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன், இன்றே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை உங்கள் மகன் பந்து எறியவே வேண்டாம். வீட்டு முற்றத்தில் அப்பாவோடு விளையாட்டாக எறிவதும் வேண்டாம். ஐஸ் ஒத்தடம் வலியைக் குறைக்கும், அதில் தவறில்லை. ஆனால் ஐஸும் இபுப்ரூஃபனும் கொடுத்து அடுத்த ஆட்டத்துக்கு அனுப்புவது மட்டும் கூடாது. இந்த வயதில் முழங்கையின் உட்பக்க வலி ஓர் எச்சரிக்கை. அதை மாத்திரையால் அமுக்கிவிட்டால் நமக்கு வேறு அறிவிப்பு வராது.

அவனை உட்காரவைத்து, முழங்கையைச் சற்று மடக்கச் சொல்லுங்கள். உட்பக்கத்தில் ஒரு சிறிய எலும்பு மேடு கைக்குத் தட்டுப்படும். கட்டைவிரலால் அதை மெதுவாக அழுத்துங்கள். இடது கையிலும் அதே இடத்தை அழுத்துங்கள். வலதில் மட்டும் முகம் சுளித்தால், பெரும்பாலும் அது 'லிட்டில் லீக் முழங்கை' என்று மருத்துவர்கள் அழைக்கும் பாதிப்பாக இருக்கும். இரண்டு கைகளும் முழுதாக நீள்கின்றனவா என்றும் பாருங்கள். கை நீள மறுத்தாலோ, மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப்போனாலோ, முழங்கையின் வெளிப்பக்கம் வலித்தாலோ, நடுவில் பூட்டிக்கொள்வதுபோல் இருந்தாலோ ஒரு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள். வீசும்போது 'டப்' என்று ஏதோ தெறித்ததாக அவன் சொன்னால் அன்றே காட்ட வேண்டும்.

அந்த மேட்டுக்கு அடியில் நடப்பது இதுதான். பதினொரு வயதில் அந்த எலும்புத் துண்டு கை எலும்போடு இன்னும் ஒட்டவில்லை. நடுவில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு இருக்கிறது. ஆண் பிள்ளைகளுக்கு அது மூடுவதற்குப் பதினைந்து, பதினாறு வயதாகிவிடும். மணிக்கட்டை மடக்கும் தசைகளும், முழங்கையின் உட்பக்கத்தைத் தாங்கும் இணைப்பு நாரும் அந்தத் துண்டைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு வேகமான வீச்சிலும் அவை அதை வெளியே இழுக்கின்றன. பெரியவர்களுக்கு இந்த இழுப்பில் நார் கிழியும். பிள்ளைகளுக்கு நாரைவிட வளர்ச்சித் தட்டே பலவீனமானது என்பதால் அதுதான் முதலில் விட்டுக்கொடுக்கும். நம் ஊரில் கிரிக்கெட் ஆடி வளர்ந்த அப்பாக்கள், "நாங்கள் நாள் முழுவதும் பந்து வீசவில்லையா?" என்று என்னிடம் கேட்பதுண்டு. கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி நீட்டி எறிவதே விதிமீறல். பேஸ்பால் வீச்சோ முழுக்க முழுக்க அந்த மடக்கி நீட்டும் விசையில்தான் நிற்கிறது. இரண்டையும் ஒப்பிட முடியாது.

ஆறுதலான செய்தி, ஆரம்பத்திலேயே கண்டுகொண்டால் இது ஓய்விலேயே ஆறிவிடும். பிள்ளைகளுக்கான விளையாட்டு மருத்துவரிடமோ எலும்பு மூட்டு மருத்துவரிடமோ காட்டுங்கள். தேவைப்பட்டால் இரண்டு முழங்கைகளையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிடுவார்கள். வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் எறியக் கூடாது. சிலருக்கு இன்னும் நீளும். பிறகு பிசியோதெரபி, அதன்பின் குறைந்த தூரத்திலிருந்து படிப்படியாக எறிந்து பழகுவது. வலி போன மறுநாளே பிட்சராக நிறுத்தினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

இப்போது நீங்கள் எழுதிய எண்களைப் பார்ப்போம். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அவைதான். அமெரிக்க பேஸ்பால் அமைப்பும், தொழில்முறை லீகான மேஜர் லீக் பேஸ்பாலும் சேர்ந்து 2014-ல் 'பிட்ச் ஸ்மார்ட்' என்ற வழிகாட்டுதலை வெளியிட்டன. அதன்படி 11, 12 வயதுப் பிள்ளை ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் வீசக் கூடாது. உங்கள் மகன் எந்த நாளிலும் அதைத் தாண்டவில்லை. ஆகவே யாருக்கும் எதுவும் உறுத்தியிருக்காது. ஆனால் அதே வழிகாட்டுதலில் ஓய்வு நாள் கணக்கும் இருக்கிறது: 51 முதல் 65 பந்து வீசினால் மூன்று நாள், 36 முதல் 50 என்றால் இரண்டு நாள், 66-ஐத் தொட்டுவிட்டால் நான்கு நாள். புதன்கிழமை 60 வீசியவன் சனிக்கிழமை முடியும்வரை பிட்சராக நின்றிருக்கவே கூடாது. சனிக்கிழமை 48 வீசியவன் ஞாயிற்றுக்கிழமை வீசியிருக்கக் கூடாது. நடுவில் கேட்ச்சர் வேலை வேறு. கேட்ச்சர் என்பவர் வரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறவர். ஒரே ஆட்டத்தில் 41 பந்தோ அதற்கு மேலோ வீசிய பிட்சர் அன்று கேட்ச்சராக நிற்கக் கூடாது என்று, சிறுவர் பேஸ்பாலை நடத்தும் லிட்டில் லீக் அமைப்பு விதியே வைத்திருக்கிறது. இவ்வளவும் போக, ஆட்டத்துக்கு முன் உடல் சூடேற எறிந்த பந்துகள் எந்தக் கணக்கிலும் வராது.

இதில் எந்தப் பயிற்சியாளரையும் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஊர் லீகின் பயிற்சியாளர் புதன்கிழமைக் கணக்கை வைத்திருப்பார்; டிராவல் அணியின் பயிற்சியாளர் சனி, ஞாயிறுக் கணக்கை வைத்திருப்பார். பல வார இறுதிப் போட்டிகளில் பந்துகளைக்கூட எண்ணுவதில்லை, இன்னிங்ஸைத்தான் எண்ணுகிறார்கள். பேஸ்பாலில் இன்னிங்ஸ் என்பது எதிரணியில் மூன்று பேர் ஆட்டமிழக்கும்வரை வீசும் சுற்று; அது பத்துப் பந்திலும் முடியலாம், முப்பதுக்கும் நீளலாம். மூன்றையும் ஒன்றாகக் கூட்டிப் பார்க்கக்கூடியவர் காரை ஓட்டிக்கொண்டு எல்லா மைதானத்துக்கும் போகிற நீங்கள் ஒருவர்தான். ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் வாங்கி, தேதி, பந்து, நின்ற இடம், மறுநாள் காலை கை எப்படி இருந்தது என்று எழுதிவையுங்கள். நீங்களே மூன்று நாள் எண்களைத் தப்பாமல் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். பாதி வேலை முடிந்தாயிற்று.

இந்த எண்ணிக்கைகள் காற்றில் பிடித்தவை அல்ல. பர்மிங்காமில் உள்ள அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 481 இளம் பிட்சர்களைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். ஓர் ஆண்டில் 100 இன்னிங்ஸுக்கு மேல் வீசியவர்களுக்குக் கடுமையான காயத்தின் வாய்ப்பு மற்றவர்களைப்போல் மூன்றரை மடங்கு இருந்தது. அதற்கு முன் 2006-ல் வந்த ஆய்வில், கை களைத்த பிறகும் அடிக்கடி வீசிய இளைஞர்கள் அறுவை சிகிச்சை வரை போகும் வாய்ப்பு 36 மடங்கு. ஆகவே 'எத்தனை பந்து' என்பதற்குச் சமமாக 'கை சோர்ந்துவிட்டதா' என்பதையும் கேளுங்கள். முழங்கை கீழே இறங்குவது, பந்து உயரே போகத் தொடங்குவது, ஒவ்வொரு வீச்சுக்கும் நடுவே கையை உதறுவது ஆகியவற்றை மைதான ஓரத்திலிருந்தே பார்க்கலாம்.

'அறுவை சிகிச்சை செய்தால் கை இன்னும் பலமாகிவிடும்' என்று நம்பும் பெற்றோரையும் பார்த்திருக்கிறேன். டாமி ஜான் என்ற பிட்சருக்கு 1974-ல் மருத்துவர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலாக முழங்கை நாரை மாற்றி அமைத்தார். டாமி ஜான் அதன்பின் பல ஆண்டுகள் மீண்டும் வீசியது உண்மை. ஆனால் அது ஒரு பழுதுபார்ப்பு மட்டுமே. அந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் பேஸ்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் புகழ்மன்றத்தில் இடம்பெற்ற முதல் பிட்சர் ஜான் ஸ்மோல்ட்ஸ், 2015-ல் அந்த மேடையிலேயே, பதினான்கு பதினைந்து வயதில் இந்த அறுவை சிகிச்சை நடப்பது இயல்பானதல்ல என்று பெற்றோரிடம் நேரடியாகக் கேட்டுக்கொண்டார். கத்தி பட்டவர் சொன்ன வார்த்தை அது.

இனி, நன்மையா தீமையா என்ற கேள்வி. டிராவல் அணியில் நன்மை இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. தன் திறனுக்கு ஈடான பிள்ளைகளோடு ஆடும்போதுதான் ஆட்டம் வளரும். நல்ல பயிற்சியாளர் கிடைத்தால் இடுப்பிலிருந்தும் காலிலிருந்தும் விசையை எடுத்து வீசக் கற்றுக்கொடுப்பார். அது கைக்கும் பாதுகாப்பு. புலம்பெயர்ந்து வாழும் நம் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஒரு சட்டையும் ஒரு எண்ணும் பத்துப் பன்னிரண்டு நண்பர்களும் கிடைப்பது சாதாரண விஷயமில்லை. என் குறையெல்லாம் அதற்கு முடிவே இல்லாமல் இருப்பதுதான். டெக்சாஸில் பனி பெய்து மைதானத்தை மூடுவதில்லை. வடக்கு மாநிலங்களில் குளிர்காலம் கொடுக்கும் ஓய்வை அங்கே பெற்றோர்தான் கொடுக்க வேண்டும். ஆண்டில் குறைந்தது நான்கு மாதம் வீச்சு கூடாது, அதில் இரண்டு மூன்று மாதமாவது தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பது பிட்ச் ஸ்மார்ட் சொல்வது. அந்த மாதங்களில் கால்பந்து ஆடட்டும், நீந்தட்டும், சைக்கிள் ஓட்டட்டும். ஒரே விளையாட்டில் முழுதாக இறங்குவதைப் பதினைந்து, பதினாறு வயது வரை தள்ளிப்போடச் சொல்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம்.

தூக்கத்தையும் கணக்கில் எடுங்கள். அவன் வயதுக்கு ஒன்பது மணி நேரமாவது வேண்டும். காலை எட்டு மணி ஆட்டத்துக்கு நான்கரைக்கு எழுப்பி, மூன்று மணி நேரம் காரில் அழைத்துப்போய், நூறு டிகிரி வெயிலில் இரண்டு ஆட்டம் ஆடவைப்பது உடலுக்குப் பெரிய சுமை. வீட்டில் தங்கையோ தம்பியோ இருந்தால், அவர்களின் சனிக்கிழமைகளும் அந்தக் காரிலேயே கழிகின்றன.

உங்கள் கணவரின் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளையின் எதிர்காலத்தை நினைக்கிற தகப்பன் அவர். ஆனால் உயர்நிலைப் பள்ளியில் பேஸ்பால் ஆடுபவர்களில் நூற்றுக்கு ஏழு எட்டுப் பேருக்குத்தான் கல்லூரி அணியில் இடம் கிடைக்கிறது. கல்லூரி விளையாட்டின் உயர்மட்டமான முதல் பிரிவுக் கல்லூரிகளில்கூட நெடுங்காலம் ஓர் அணிக்கு 11.7 முழு உதவித்தொகைதான். அதை 27 பேர் வரை பங்கிட்டுக்கொண்டார்கள். 2025-ல் விதி மாறி, புதிய ஒப்பந்தத்தை ஏற்ற கல்லூரிகளில் உதவித்தொகை எண்ணிக்கைக்கான வரம்பு போய், அணியில் 34 பேர்தான் இருக்கலாம் என்ற வரம்பு வந்திருக்கிறது. முழுச் செலவும் தீரும் அளவுக்கு உதவி பெறுபவர் மிகக் குறைவு. அந்தச் சிலரில் ஒருவனாக உங்கள் மகன் வர வேண்டுமென்றாலும், பதினேழு வயதில் வீசக்கூடிய கை அவனிடம் இருக்க வேண்டுமே. பதினொரு வயதில் ஒரு பருவத்தை இழப்பதால் எந்தக் கல்லூரியும் அவனைத் தள்ளிவைக்கப் போவதில்லை.

ஆகவே நிறுத்திவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கை ஆறிய பிறகு ஓர் அணி போதும். இரண்டில் எது என்பதை அவனே சொல்லட்டும். சேர்க்கும் முன் பயிற்சியாளரிடம் கேளுங்கள்: பந்துகளை எண்ணுவீர்களா? ஒரே நாளில் பிட்சரையே கேட்ச்சராக நிறுத்துவீர்களா? ஆண்டில் எந்த மாதங்கள் விடுமுறை? கை வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு அவர் முகம் எப்படிப் போகிறது என்று கவனியுங்கள். வேகமானியைக் காட்டி வேகத்தைக் கூட்டச் சொல்லும் பயிற்சியும், கனமான பந்து எறியும் பயிற்சியும் இந்த வயதுக்கு வேண்டாம்.

அவனிடம் பேசுவதுதான் உங்களுக்குக் கடினமாக இருக்கும். வலியை மறைக்காமல் சொன்னதற்காக முதலில் அவனைப் பாராட்டுங்கள். அணியில் இடம் போய்விடும் என்ற பயத்தில் மாதக்கணக்கில் மறைத்துவிட்டு, எலும்புத் துண்டு பெயர்ந்த நிலையில் வரும் பிள்ளைகளை நான் பார்க்கிறேன். வலியில்லாமல் மட்டை பிடிக்க முடிந்தால், மருத்துவர் அனுமதியோடு பந்தடிக்க மட்டும் ஆடலாம். அணியோடு பெஞ்சில் உட்காரலாம். அந்த நோட்டுப் புத்தகத்தை அவன் கையிலேயே கொடுங்கள், மற்ற பிட்சர்களின் பந்துகளை அவன் எண்ணட்டும். எக்ஸ்ரே முடிவு வந்ததும் எனக்கு மீண்டும் எழுதுங்கள்.