ஆயிரம் டொலர் கட்டினால் முடிந்துவிடுமா?

தம்பி, உங்களோடு அறையில் இருக்கும் பெடியன் பிறந்தநாள் கொண்டாட்டத்தில் குடித்துவிட்டுக் கார் ஓடி வரும்போது பொலிஸ் கருவியில் ஊதிப் பிடிபட்டுவிட்டான், "முதல் தரம்தானே, ஆயிரம் டொலர் தண்டத்தோடு போய்விடும்" என்று எல்லோரும் அவனைத் தேற்றுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இவ்வளவுதான் தண்டனை என்றால் தெருவில் போகிற சனத்துக்குக் கனடாவில் என்ன பாதுகாப்பு என்றும் கேட்டிருந்தீர்கள். முதலில் அந்த ஆயிரம் டொலர் கதையை முடித்துவிடுவோம். அதை நம்பி அவன் ஏதும் செய்துவிடப் போகிறான்.

ஆயிரம் என்பது குற்றவியல் சட்டத்தில் உள்ள ஆகக் குறைந்த தண்டம். 100 மில்லிலீட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம் இருந்தால் குற்றம். அது 120ஐத் தொட்டால் 1,500, 160ஐத் தொட்டால் 2,000. ஊத மாட்டேன் என்று நின்றால் அதற்கே 2,000. ஊதாவிட்டால் வழக்கே இல்லை என்று சொல்லித்தர மண்டபத்துக்கு ஒரு மாமா இருப்பார். அவர் சொல்லைக் கேட்காதீர்கள். இரண்டாம் தரம் குறைந்தது 30 நாள் சிறை, மூன்றாம் தரம் 120 நாள்.

ஆனால் தண்டக்காசு இதில் சின்னப் பங்கு. 80ஐத் தொட்டாலே எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் லைசென்ஸ் 90 நாளுக்கு அந்த இடத்திலேயே போய்விடும், நீதிமன்றப் படியை மிதிக்க முன்னமே. வாகனத்தை ஏழு நாளுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள், அது இன்னொருவருடைய கார் என்றாலும். இழுத்த கூலியும் நிறுத்திவைத்த கூலியும் சொந்தக்காரர் தலையில். குற்றவாளி என்று தீர்ப்பானால் குறைந்தது ஒரு வருடம் ஓட ஏலாது. அதற்குப் பிறகு, ஊதினால்தான் ஸ்டார்ட் ஆகும் கருவியைக் காரில் பூட்டி, அதற்கு மாத வாடகையும் கட்டவேண்டும். பிறகு இன்சூரன்ஸ். பல கம்பனிகள் எடுக்கவே மாட்டா. எடுக்கிற கம்பனி சொல்லும் தொகையைக் கேட்டால் பஸ்சிலேயே போய்வரலாம் என்று இருக்கும்.

உங்களுக்கு ஜி2 லைசென்ஸ், அதாவது புதிதாக ஓடுபவர்களுக்கான இரண்டாம் படி லைசென்ஸ், என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் இந்த 80 கணக்கே உங்களுக்குச் சரிவராது. ஜி1, ஜி2 வைத்திருப்பவர்களுக்கும் 21 வயதும் அதற்குக் குறைந்தவர்களுக்கும் அனுமதி பூச்சியம். ஒரு பியர் என்றாலும் பிழைதான். காருக்குள் ஏறிப் படுத்துவிட்டுப் போகலாம் என்று சாரதி இருக்கையில் திறப்போடு இருந்தாலும் வழக்கு வரலாம், ஏனென்றால் வாகனம் ஓடவேண்டும் என்றில்லை, உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தாலே போதும்.

இனி ஒருவரும் வாய்திறவாத விசயம். 2018 டிசம்பர் 18ஆம் திகதி சட்டம் மாறியது. அதுவரை வெறியில் ஓடுவதற்கு ஆகக்கூடிய தண்டனை 5 வருடம், அன்றிலிருந்து 10 வருடம். 10 வருடம் வரை தண்டிக்கக்கூடிய குற்றத்தைக் குடிவரவுச் சட்டம் பாரதூரமான குற்றமாகப் பார்க்கிறது. உங்கள் நண்பனுக்கு நீதவான் வெறும் ஆயிரம் டொலர் போட்டாலும், குடிவரவு அதிகாரி பார்ப்பது அவன் கட்டிய காசை அல்ல, சட்டத்தில் எழுதியிருக்கும் உச்சத் தண்டனையை. மாணவ விசாவோ வேலை அனுமதியோ வைத்திருப்பவர் நாட்டில் இருக்கத் தகுதியில்லாதவர் ஆகலாம். நிரந்தர வதிவிடக்காரரையும் அது விடாது. அவருக்கு மேன்முறையீட்டுக்கு ஒரு வழியாவது இருக்கிறது, மாணவனுக்கு அதுவும் இல்லை. குடியுரிமை எடுத்தவருக்கு இந்தப் பயமே கிடையாது. ஒரே மண்டபத்தில் ஒரே போத்தலில் குடித்த மூன்று பேருக்கு மூன்று விதமான தண்டனை. இது நியாயமா என்றால் எனக்கு இல்லை என்றுதான் படுகிறது. ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

சரி, உங்கள் மற்றக் கேள்வி. தண்டனை காணுமா?

2015 செப்டெம்பரில் ரொறன்ரோவுக்கு வடக்கே வோன் நகரில் ஒரு ஞாயிறு பின்னேரம் ஸ்டொப் சைனில் நிற்காமல் வந்த வாகனம் மோதி மூன்று சின்னப் பிள்ளைகளும் அவர்களுடைய அம்மப்பாவும் செத்துப்போனார்கள். ஓடியவர் வெறியில் இருந்தார். இந்தக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம். கொடுத்தது 10 வருடம். 2020இல் பகல் பரோல், 2021இல் முழுப் பரோல். அந்த நேரம் தமிழ் வானொலியிலும் தேத்தண்ணிக் கடைகளிலும் கதைத்ததெல்லாம் பத்து வருடம் காணாது என்பதுதான். அந்தத் தாயின் இடத்தில் இருந்து பார்த்தால் எந்தத் தண்டனையும் காணாது. ஆனால் அதை இருபது வருடம் ஆக்கியிருந்தால் இன்னொரு விபத்து தடைப்பட்டிருக்குமா என்றால் நான் நம்பவில்லை. குடித்துவிட்டு ஸ்டியரிங் பிடிக்கிறவன் சட்டப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு ஏறுவதில்லை. இந்த நேரம் 401 நெடுஞ்சாலையில் பொலிஸ் நிற்குமா நிற்காதா, அதுதான் அவனுடைய கணக்கு.

அதனால்தான் ரைட் (RIDE) சோதனையில், அதாவது குடித்துவிட்டு ஓடுகிறவர்களைப் பிடிக்கப் பொலிஸ் வீதியில் வாகனங்களை மறிக்கும் சோதனையில், எனக்கு நம்பிக்கை கூட. 1977இல் ரொறன்ரோவின் எட்டோபிக்கோ பகுதியில் தொடங்கியது, இன்று மாகாணம் முழுக்க நடக்கிறது. நத்தார் காலத்து இரவில் நெடுஞ்சாலை ஏறும் வளைவில் கூம்புகளை வைத்து ஒரு ஒழுங்கை ஆக்கிவிடுவார்கள், வளைவுக்குள் வந்தபிறகு திரும்பிப் போக இடமில்லை. கண்ணாடியை இறக்கினால் டோர்ச் வெளிச்சம் முதலில் பின் சீற்றுக்குத்தான் போகும். எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று கேட்கும்போதே முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து மணம் பிடிப்பார்கள். பொலித்தீனில் சுற்றிய குழாயைப் பிரித்துக் கருவியில் செருகி, நிறுத்து என்னும் வரை ஊதச் சொல்வார்கள். அதில் தவறினால் நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் பெரிய கருவியில் குறைந்தது பதினைந்து நிமிட இடைவெளி விட்டு இரண்டு தரம் எடுப்பார்கள். நீதிமன்றத்துக்குப் போவது அந்த இலக்கம்தான்.

முன்பு ஊதச் சொல்லச் சந்தேகம் வேண்டும். மணக்கவேண்டும், நாக்குக் குழறவேண்டும். 2018 மாற்றத்துக்குப் பிறகு சட்டப்படி மறித்த எவரையும் சந்தேகம் இல்லாமலே ஊதச் சொல்லலாம். என்னைக் கேட்டால் உச்சத் தண்டனையைக் கூட்டியதைவிட இதுதான் பெரிய வேலை. எல்லோரையும் ஊதச் சொன்னால் நிறம் பார்த்து ஊதச் சொல்கிறார்கள் என்ற கதைக்கும் இடம் குறையும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2010இலேயே வழக்குக்குக் காத்திராமல் தெருக்கரையிலேயே லைசென்ஸையும் காரையும் பறிக்கத் தொடங்கினார்கள். அங்கே மதுவால் வரும் வீதி மரணங்கள் நன்றாகக் குறைந்தன. சிறைத்தண்டனையைக் கூட்டி வந்த குறைவல்ல அது.

ஓட்டை இருப்பது நீதிமன்றத்தில். 2016இல் உச்ச நீதிமன்றம் மாகாண நீதிமன்ற வழக்குகளுக்கு 18 மாதம் என்று எல்லை போட்டது. அதைத் தாண்டி இழுபட்டால் வழக்கு தள்ளுபடியாகலாம். ஊதின இலக்கம் எவ்வளவு இருந்தாலும் சரி, நீதவான் காணாமல், நீதிமன்ற அறை காணாமல் நாள் போனால் ஆள் வீட்டுக்குப் போய்விடுவார். வேறு சில வழக்குகள் கவனமில்லாமல் ஓடினார் என்ற மாகாணக் குற்றமாகச் சுருங்கி முடியும். தண்டனையைக் கூட்டு என்று கத்துகிற அரசியல்வாதி எவரும் இன்னும் நாலு நீதவானைப் போடு என்று கத்தி நான் கேட்டதில்லை.

எங்கள் சனத்தையும் சொல்லவேண்டும். சாமத்தியச் சடங்குக்கு ஹெலிகொப்டரில் பிள்ளையை இறக்கக் காசு இருக்கிறது, பாருக்குப் பக்கத்தில் நின்று கார்த் திறப்பை வாங்கிவைக்க ஒரு மச்சான் இல்லை. "எனக்கு ஒன்றும் செய்யாது, நான் வழக்கமாக ஓடுறனான்" என்று சொல்லும் சித்தப்பாவிடம் திறப்பைக் கேட்டால் மரியாதை கெட்டுவிடும் என்று விட்டுவிடுகிறோம்.

உங்கள் நண்பனுக்கு வருவோம். சம்பவம் நடந்து 90 நாளுக்குள் குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஊதும் கருவியோடு முந்தியே ஓட விடும் திட்டம் ஒன்று ஒன்ராறியோவில் இருக்கிறது. வேலைக்குக் கார் வேண்டும் என்று அவசரப்பட்டுப் பெடியள் அதற்குக் கையெழுத்து வைத்துவிடுவார்கள். விசாவில் இருப்பவனுக்கு அந்தக் கையெழுத்துத்தான் பொறி. குற்றவியல் சட்டத்தரணியோடு மட்டும் கதைத்துவிட்டு நிற்கவேண்டாம், குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரையும் பார்த்த பிறகே எதையும் ஒப்புக்கொள்ளச் சொல்லுங்கள். நீதிமன்றத் திகதியைத் தவறவிடவும் வேண்டாம். போகாவிட்டால் அது தனி வழக்கு. லைசென்ஸ் இல்லாத இந்த நாள்களில் வேலைக்கு நீங்கள்தான் ஏற்றி இறக்கவேண்டி வரும் போலிருக்கிறது.