பதின்மூன்று மடங்கு உயர்ந்த பங்கு: நண்பர்கள் யாரும் விற்கவில்லை, நான் விற்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 56. தனியார் தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். 2020இல் உடன் வேலை பார்த்த ஆறு பேருடன் பேசி முடிவெடுத்து, கம்பியில்லாத் தொடர்புக் கருவிகள் தயாரிக்கும் ஓர் இந்திய நிறுவனத்தின் 4,000 பங்குகளைச் சராசரியாக 62 ரூபாய்க்கு வாங்கினேன். இப்போது விலை 850 ரூபாய். பி.எஃப்., ஃபிக்சட் டெபாசிட் எல்லாம் சேர்த்து 18 லட்சம் ரூபாய் இருக்கிறது. வீட்டுக் கடனில் 5 லட்சம் பாக்கி. இரண்டு ஆண்டுகளில் மகள் திருமணம். 12 லட்சம் தேவைப்படும். 60 வயதில் ஓய்வு. நண்பர்கள் ஆறு பேரும், ‘5ஜி வேலை இப்போதுதான் சூடு பிடிக்கிறது, 1,500 ரூபாய் வரை போகும், ஒரு பங்கைக்கூட விற்காதே’ என்கிறார்கள். விற்ற பிறகு விலை ஏறிவிட்டால் அவர்கள் முகத்தில் விழிக்க முடியாது. என்ன செய்யலாம்? – வாசகர், திருநெல்வேலி.

பதில்: முதலில், 62 ரூபாய்க்கு வாங்கிய பங்கை, இடையில் வந்த எல்லா ஏற்ற இறக்கங்களையும் பார்த்துக்கொண்டு இத்தனை ஆண்டுகள் வைத்திருந்த உங்கள் பொறுமையைப் பாராட்டுகிறேன். 2.48 லட்சம் ரூபாய் 34 லட்சமாகியிருக்கிறது. ஆனால் அதே காரணத்தால், உங்கள் மொத்தச் சேமிப்பான 52 லட்சத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஒரே நிறுவனத்தில், அதுவும் உங்களுக்குச் சம்பளம் தரும் அதே துறையில் நிற்கிறது. இத்துறைக்குச் சரிவு வந்தால் சம்பளமும் சேமிப்பும் ஒன்றாகவே அடிவாங்கும்.

உங்கள் நண்பர்கள் தொழில்நுட்பத்தைப் பற்றிச் சொல்வது சரியாகவே இருக்கலாம். அத்துறையில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு தொழில்நுட்பம் வெல்லும் என்பதும், அதன் பங்கை இன்றைய விலையில் மொத்தமாக வைத்திருப்பது உங்கள் குடும்பத்துக்கு நல்லது என்பதும் வேறு வேறு முடிவுகள். இதைப் புரிந்துகொள்ள, அமெரிக்காவின் சான் டியாகோவில் இருக்கும் குவால்காம் நிறுவனத்தின் வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயன் தரும்.

குவால்காம் 1991 டிசம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தது. சி.டி.எம்.ஏ. என்ற அதன் கம்பியில்லாத் தொடர்பு முறை நடைமுறைக்கு ஒத்துவராது என்று பலர் சொன்ன காலத்திலும் அதன் நீண்டகாலப் பங்குதாரர்கள் நம்பிக்கையோடு வைத்திருந்தார்கள். அந்த நம்பிக்கைக்கு 1999இல் பலன் கிடைத்தது. அந்த ஓராண்டில் மட்டும் பங்கு 2,600 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்தது. டிசம்பர் 29 அன்று ஒரு தரகு நிறுவனத்தின் ஆய்வாளர் 1,000 டாலர் என்று இலக்கு விலை குறித்ததும், ஒரே நாளில் 156 டாலர் ஏறி 659 டாலரில் முடிந்தது. அடுத்த இரண்டு நாட்களில் ஒரு பங்கு நான்காகப் பிரிக்கப்பட்டது; அதற்கேற்ப ஒரு பங்கின் விலையும் நான்கில் ஒன்றானது. பிரிக்கப்பட்ட பங்கு 2000 ஜனவரி தொடக்கத்தில் 200 டாலர் வரை சென்றது; 2002 கோடையில் அது 30 டாலருக்கும் கீழே கிடந்தது.

இதில் நான் உங்களை உற்றுப் பார்க்கச் சொல்வது, அந்தப் பங்குதாரர்கள் தொழில்நுட்பத்தைப் பற்றி எண்ணியதில் ஒன்றுகூடப் பொய்க்கவில்லை என்பதைத்தான். மூன்றாம் தலைமுறை கைபேசித் தொடர்பு சி.டி.எம்.ஏ. அடிப்படையில்தான் உலகம் முழுவதும் அமைந்தது. 2000ஆம் நிதியாண்டில் 320 கோடி டாலர் அளவில் இருந்த நிறுவனத்தின் வருமானம், 2014இல் 2,600 கோடி டாலரைத் தாண்டியது. 2003 முதல் ஈவுத்தொகையும் வழங்கினார்கள். இவ்வளவு நடந்தும், 2004இல் நடந்த இன்னொரு பங்குப் பிரிப்பைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால், 2000 ஜனவரி உச்சத்தை விலை உறுதியாகக் கடக்க 2020 ஆகிவிட்டது. நிறுவனம் எட்டு மடங்கு வளர்ந்தபோதும் உச்ச விலையில் வாங்கியவர் இருபது ஆண்டுகள் காத்திருந்தார். காரணம், வரப்போகும் வளர்ச்சி முழுவதற்கும் உரிய விலையைச் சந்தை 1999இலேயே கொடுத்துவிட்டது. பிரிப்புக் கணக்கில் மூன்று டாலருக்கும் நான்கு டாலருக்கும் முன்பே வாங்கியவர்களுக்கு அப்போதும் நட்டமில்லை என்பது உண்மை. ஆனால் அவர்களில் 2002 கோடையில் மகள் திருமணத்தை வைத்திருந்தவர், உச்சத்தில் இருந்த தொகையில் ஏழில் ஒரு பங்கைக்கூட எடுத்திருக்க முடியாது.

நம் நாட்டுக் கருவி உற்பத்தி நிறுவனங்களுக்கு இன்னொரு இயல்பும் உண்டு. அவற்றின் வருமானம் மாதச் சம்பளம் போல வருவதில்லை, டெண்டரைச் சார்ந்து அலை அலையாக வருகிறது. பெங்களூருவைச் சேர்ந்த தேஜஸ் நெட்வொர்க்ஸ், பி.எஸ்.என்.எல். 4ஜி திட்டத்துக்காக 2023 ஆகஸ்டில் டி.சி.எஸ்.ஸிடம் 7,492 கோடி ரூபாய் ஆர்டர் பெற்றது. ஒரு லட்சம் இடங்களுக்குக் கருவி தர வேண்டிய அந்த ஆர்டரால் 2024–25 நிதியாண்டின் வருமானம் 8,900 கோடி ரூபாயைத் தொட்டது. கருவிகள் போய்ச் சேர்ந்து, அடுத்த பெரிய ஆர்டர் வராத நிலையில், 2025 ஏப்ரல்–ஜூன் காலாண்டின் வருமானம் ஏறத்தாழ 200 கோடி ரூபாயாகச் சுருங்கி, கிட்டத்தட்ட அதே அளவு நட்டமும் ஏற்பட்டது. 2024 ஜூனில் 1,400 ரூபாயைத் தாண்டியிருந்த பங்கு, அடுத்த ஆண்டு ஜூலையில் அதில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. அந்த நிறுவனம் கெட்டது என்று சொல்ல இதை எழுதவில்லை. இத்தொழிலில் ஒரு நல்ல ஆண்டின் லாபத்தை வைத்துப் பல ஆண்டுகளுக்கு விலை போடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்காகவே எழுதுகிறேன்.

இனி உங்கள் கணக்கு. இப்போதே 2,000 பங்குகளை விற்றுவிடுங்கள். 17 லட்சம் ரூபாய் வரும்; அடக்க விலை போக லாபம் 15.76 லட்சம். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கு என்பதால், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரை விலக்கு. அதற்கு மேல் 12.5 சதவீத வரியும் அந்த வரியின் மீது 4 சதவீத செஸ்ஸும் (கூடுதல் வரி) சேர்ந்து 1.89 லட்சம் ஆகும். கையில் நிற்பது சுமார் 15.1 லட்சம். அதில் 12 லட்சத்தைத் திருமணத் தேதிக்கு முன் முதிர்வடையும்படி இரண்டு மூன்று ஃபிக்சட் டெபாசிட்டுகளாகப் போட்டுவிட்டு, மீதி 3 லட்சத்தை வீட்டுக் கடனில் கட்டுங்கள். திருமணப் பணத்தில் ஒரு ரூபாய்கூடப் பங்குச் சந்தையில் இருக்க வேண்டாம்.

அடுத்த நிதியாண்டு பிறந்ததும் இன்னும் 1,000 பங்குகளை விற்கலாம். அந்த ஆண்டின் விலக்கும் கிடைப்பதால் ஏறக்குறைய 16,000 ரூபாய் வரி மிச்சமாகும். (இந்த 16,000 ரூபாய்க்காக முதல் 2,000 பங்குகளின் விற்பனையைத் தள்ளிப்போடாதீர்கள், பங்கு எட்டு ரூபாய் இறங்கினாலே அந்தச் சேமிப்பு கரைந்துவிடும்.) இரண்டாம் தவணையில் கடனை முழுவதும் அடைத்துவிட்டு, மீதியை ஓய்வுக்காலத்துக்கென இண்டெக்ஸ் ஃபண்டிலும் (நிஃப்டி போன்ற சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் ஃபண்ட்) கடன் பத்திர ஃபண்டிலும் பிரித்துப் போடுங்கள்.

அதன் பிறகும் உங்களிடம் 1,000 பங்குகள் இருக்கும். இன்றைய விலையில் 8.5 லட்சம் ரூபாய். உங்கள் சொத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. உங்கள் வயதுக்கு இதுவே எனக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது. ஆனாலும் அந்த நிறுவனத்தை நன்கு அறிந்து வாங்கியவர் நீங்கள் என்பதால் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். நண்பர்கள் சொல்வது போல 1,500 ரூபாய் போனால் அதில் உங்களுக்கும் பங்கு உண்டு. பாதியாக இறங்கினாலும் திருமணமோ கடனோ பாதிக்கப்படாது.

நண்பர்கள் முகத்தில் விழிப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த வரியில்தான் உங்கள் மனப்பாரம் முழுவதும் தெரிந்தது. அந்த ஆறு பேரில் யாருக்கு இரண்டு ஆண்டுகளில் திருமணச் செலவு இருக்கிறது, யாருக்கு அரசு ஓய்வூதியம் வரும், யாருடைய சேமிப்பில் இந்தப் பங்கு பத்தில் ஒரு பங்குதான் என்று எண்ணிப் பாருங்கள். அவர்கள் விற்காமல் இருப்பது அவர்களுக்குச் சரியாக இருக்கலாம். நீங்கள் விற்பதைக் கட்சி மாறுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை; கல்யாணச் செலவுக்காக எடுக்கிறேன் என்று நேராகவே சொல்லுங்கள். அவர்களோடு பேசும்போது இலக்கு விலையை விட்டுவிட்டு, ஆண்டறிக்கையில் வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய பாக்கி எவ்வளவு, லாபமாகக் காட்டியதில் எவ்வளவு ரொக்கமாக வந்திருக்கிறது, முதல் இரண்டு வாடிக்கையாளர்கள் வருமானத்தில் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். துறைக்குள்ளேயே இருக்கும் ஏழு பேர் கூடி இதைப் படித்தால் எந்தத் தரகு அறிக்கையையும் விட அது பயன்படும்.

விற்கும்போது, அந்த நேரத்தில் கிடைக்கும் விலைக்கே விற்றுவிடும் மார்க்கெட் ஆர்டர் போடாமல், குறைந்தபட்ச விலை குறித்து லிமிட் ஆர்டராக, சில நாட்களில் ஐந்நூறு ஐந்நூறாக விற்றால் போதும். வரியை ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாள் வரை வைத்திருக்காமல், விற்ற பிறகு வரும் முன்வரித் தவணையிலேயே (ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15ஆம் தேதி) கட்டிவிடுங்கள். இல்லையெனில் வட்டி சேரும். பணம் கணக்குக்கு வந்த அன்றே 1.89 லட்சத்தைத் தனியாக ஒதுக்கிவிட்டு, அதன் பிறகு டெபாசிட் போட வங்கிக்குச் செல்லுங்கள்.