காப்பில்லாத கரை

கேள்வி: புயல் காலத்துக்கு முன்பு எங்கள் ஊரில் நடந்த கூட்டத்தில் ஓர் அதிகாரி எங்களை 'வல்னரபிள்' என்றார். விளக்கம் கேட்டதற்கு, "பலவீனமான மக்கள்" என்றார். பாசி எடுத்துப் பிழைக்கும் நாங்கள் பலவீனமானவர்களா? அந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள்?
– ஒரு வாசகி, பாம்பன்

பதில்: இல்லை, சகோதரி. அவர் சொன்ன தமிழ் தவறு. பெரியவர் சொல்லிவிட்டார் என்று நீங்கள் பொறுத்துப் போகவும் வேண்டாம்.

லத்தீனில் 'வுல்னுஸ்' என்றால் புண். அதன் வழிவந்த 'வல்னரபிள்' 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் புழங்கலாயிற்று. புண்படக்கூடிய உடம்பு என்பதே அடிப்படைப் பொருள். ஊருக்கும் கோட்டைக்கும் மனத்துக்கும் அது பிறகு பரவியது. 'புண்படு' என்று அச்சாகப் பொருந்தும் வினை நம்மிடமே இருக்கிறது. அதை மனத்துக்கு மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டோம்.

மரிக்கொழுந்துப் பாசி பறிக்க இறங்குமுன் விரல்களில் துணியைச் சுற்றிக்கொள்கிறீர்கள், பாறை கிழித்துவிடும் என்று. மூச்சடக்கிக் கடலடியில் பாசி பறிக்கும் கை பலவீனமான கையா? துணி அவிழ்ந்தால் அந்தக் கையும் புண்படும். வல்னரபிள் என்பது அந்த நிலைதான்.

படகைப் பாருங்கள். வாடை வீசும் மாதங்களில் வடகடலில் நிறுத்திய நாட்டுப்படகு அலையில் மோதிச் சிதையும். தென்கடல் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினால் பிழைக்கும். இரண்டு இடத்திலும் அதே பலகை, அதே ஆணி. தனுஷ்கோடியின் தேவாலயமும் கல் கட்டடம்தான். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் ஊரே போயிற்று. ஒரு பயணிகள் ரயிலும் போயிற்று. இருபுறமும் கடல், நடுவே மணல் திட்டு, மறைப்பு ஒன்றுமில்லை.

'பலவீனமானவர்' என்றதும் குறை உங்கள் மேல் விழுகிறது. காப்பு அமைத்துத் தர வேண்டியவர் விலகிக்கொள்கிறார். என் கோபமெல்லாம் அதில்தான். 'எளிதில் பாதிப்புக்குள்ளாகக்கூடிய' என்று அரசுக் குறிப்புகளில் வருவது நீளம்தான், ஆனாலும் நேர்மையான தமிழ். நான் 'காப்பற்ற' என்று எழுதுவேன்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள்: எதிலிருந்து எங்களுக்குக் காப்பில்லை? அதை யார், எந்த மாதத்துக்குள் அமைக்கப்போகிறீர்கள்? இரவில் புயல் வந்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நாங்கள் ஓட வேண்டிய கட்டடம் எது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது?