மெக்னீசியம்: சாப்பாட்டில் எவ்வளவு, மாத்திரையில் எவ்வளவு?

மெக்னீசியம் பற்றி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். நான் உணவியல் ஆலோசகர். மருந்தைக் கூட்டுவதும் நிறுத்துவதும் உங்கள் டாக்டரின் வேலை, அதில் நான் கை வைப்பதில்லை.

கேள்வி: மேடம், ஒரு நாளைக்கு எவ்வளவு தேவை? ஆளுக்கு ஒரு கணக்கு சொல்கிறார்களே.

நாட்டுக்கு நாடு பரிந்துரை மாறுவதால் வரும் குழப்பம் இது. அமெரிக்கக் கணக்கில் வயது வந்த ஆணுக்கு 400 முதல் 420 மி.கி., பெண்ணுக்கு 310 முதல் 320. ஐரோப்பியக் கணக்கில் ஆணுக்கு 350, பெண்ணுக்கு 300. ஒரு வாரச் சராசரி இந்த அளவையொட்டி இருந்தால் போதும், தினமும் நிறுத்துப் பார்க்க வேண்டாம்.

கேள்வி: தினம் ஒரு வாழைப்பழம் சாப்பிடுகிறேன். போதாதா?

இந்த விஷயத்தில் வாழைப்பழத்துக்குக் கிடைத்திருக்கும் பேர் கொஞ்சம் அதிகம்தான். ஒரு பழத்தில் 30 மி.கி. சொச்சம் இருக்கும். ஒரு கைப்பிடி, அதாவது 28 கிராம் பூசணி விதையில் 150-க்கு மேல். அதே எடை பாதாமில் 80, முந்திரியில் 70-க்குச் சற்று மேல். வேகவைத்த பசலைக்கீரை அரைக் கப்பில் 78, கருப்பு பீன்ஸ் அரைக் கப்பில் 60. கீரைக்குப் பச்சை நிறம் தரும் பச்சையத்தின் நடுவிலேயே மெக்னீசியம்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் நிறைய தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டினால் அதில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடும்.

பெரிய இழப்பு நடப்பது தானியத்தில். 100 கிராம் முழுக்கோதுமை மாவில் 130 மி.கி.க்கு மேல் இருக்கும், தீட்டிய வெள்ளை மாவில் 20 சொச்சம்தான். தவிடும் முளையும் நீங்கும்போது இதுவும் கூடவே போகிறது. ‘செறிவூட்டப்பட்டது’ என்று அச்சடித்திருந்தாலும் பெரும்பாலும் இரும்பும் பி வைட்டமின்களும்தான் திரும்பச் சேர்க்கப்படும். மாத்திரை வாங்கும் முன் தானியத்தை மாற்றுங்கள் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

கேள்வி: ரத்தப் பரிசோதனையில் நார்மல் வந்தது. அப்படியென்றால் குறைபாடே இல்லைதானே?

உறுதியாகச் சொல்ல முடியாது. நம் உடம்பில் சுமார் 25 கிராம் மெக்னீசியம் இருக்கிறது. பாதிக்கு மேல் எலும்பில், மீதியில் பெரும்பகுதி தசையிலும் மற்றத் திசுக்களிலும். ரத்தத்தில் ஓடுவது 1 சதவீதத்துக்கும் கீழே. அங்கே அளவு இறங்கினால் கவலைப்பட வேண்டும். இறங்கவில்லை என்பதற்காகக் கையிருப்பு நிறைவாக இருப்பதாக அர்த்தமில்லை. அதே சமயம், நார்மல் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ‘மறைந்திருக்கும் குறைபாடு’ என்று பயமுறுத்தி டப்பா விற்பவர்களை நான் நம்புவதில்லை. சாப்பாடு எப்படி, வயிற்றுப்போக்கு அடிக்கடி வருகிறதா, குடிப்பழக்கம் உண்டா, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, என்னென்ன மருந்து ஓடுகிறது என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஆக்சைடு, சிட்ரேட், கிளைசினேட்: எதை வாங்குவது?

மூன்றுமே மெக்னீசியம் வேறொரு பொருளோடு சேர்ந்த வடிவங்கள். அதனால் முதலில் லேபிளில் உள்ள எண் எதைக் குறிக்கிறது என்று பாருங்கள். 500 மி.கி. மெக்னீசியம் ஆக்சைடில் தனி மெக்னீசியம் 300 மி.கி. இருக்கும், ஆனால் சரியாகக் கரையாததால் உடம்பில் சேர்வது குறைவு. அதே 500 மி.கி. சிட்ரேட்டில் 80 மி.கி.தான், ஆனால் நன்றாக உறிஞ்சப்படும். கிளைசினேட்டில் 70 மி.கி. அளவில் இருக்கும், வயிற்றுக்கும் பொதுவாகச் சாது. மலச்சிக்கல் உள்ளவருக்கு சிட்ரேட்டால் இரட்டை லாபம், இளகிய வயிற்றுக்காரருக்கு அதுவே தொல்லை.

மாத்திரை வழியாக மட்டும் தினமும் எடுக்கக்கூடிய உச்சவரம்பு அமெரிக்காவில் 350 மி.கி., ஐரோப்பாவில் 250. உணவில் இருப்பதை இதில் சேர்க்க வேண்டாம். ஒரே வேளையில் விழுங்காமல் பிரித்து, சாப்பாட்டோடு எடுப்பது நல்லது.

கேள்வி: அக்கா, அப்பாவுக்கு 70 வயசு. ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. மெக்னீசியம் கொடுக்கலாமா?

பலரும் இதற்காகத்தான் வாங்குகிறார்கள், சான்று மட்டும் கூட வர மறுக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் 2020 மதிப்பாய்வு, வயதானவர்களின் இழுப்புக்கு இதனால் குறிப்பிடத்தக்க பலன் கிடைக்க வாய்ப்பில்லை என்றது. வேறு காரணம் இருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டுங்கள்பா. தூக்கத்துக்கான ஆதாரமும் மெலிந்ததே. ஒற்றைத் தலைவலியைத் தடுப்பதில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை: பலன் இருக்கக்கூடும் என்று அமெரிக்க நரம்பியல் வழிகாட்டுதல் 2012-இல் சொன்னது. அதற்கான அளவு மேலே சொன்ன வரம்பைத் தாண்டலாம், அதனால் தானாக ஆரம்பிக்க வேண்டாம்.

கேள்வி: இரண்டு வருஷமாக அசிடிட்டிக்கு பான்டோபிரசோல், கூடவே தைராய்டு மாத்திரை. மெக்னீசியம் சேர்த்துக்கொள்ளலாமா?

உங்கள் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பான்டோபிரசோல், ஒமெப்ரசோல் வகை மாத்திரைகளை நீண்ட நாள், குறிப்பாக ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தால் ரத்த மெக்னீசியம் இறங்கலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2011-இல் எச்சரித்தது. சிலருக்கு மெக்னீசியம் கொடுத்தும் ஏறாமல், அந்த மாத்திரையையே நிறுத்த வேண்டி வந்தது. ஆகவே முதலில் டெஸ்ட், பிறகு டாக்டரிடம் பேச்சு. தைராய்டு மாத்திரைக்கும் மெக்னீசியத்துக்கும் 4 மணி நேர இடைவெளி விடுங்கள். டெட்ராசைக்ளின், சிப்ரோபிளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்குகளோடும் சேர்த்து விழுங்கக் கூடாது, மருந்து வேலை செய்யாமல் போகும். நீர் பிரியக் கொடுக்கும் சில மாத்திரைகளும் மெக்னீசியத்தை வெளியேற்றும். பொட்டாசியம் எவ்வளவு கொடுத்தும் ஏறவில்லை என்றால் மெக்னீசியத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கிரியாட்டினின் கொஞ்சம் கூடுதல். சின்ன டோஸ் பரவாயில்லையா?

டாக்டர் சொல்லாமல் வேண்டாம். ரத்தத்தில் கிரியாட்டினின் கூடுவது சிறுநீரகம் தளர்ந்திருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். மெக்னீசியத்தின் மிகுதியை வெளியே தள்ளுவதும் சிறுநீரகம்தான். அது தளர்ந்தால் ரத்தத்தில் தேங்கி, குமட்டல், ரத்த அழுத்தம் இறங்குதல், தசைத் தளர்ச்சி, இதயத் துடிப்பு மந்தமாவது வரை போகும். சில அசிடிட்டி சிரப்புகளிலும் மலமிளக்கிகளிலும் மெக்னீசியம் இருக்கிறது, அவற்றையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: எப்சம் உப்புத் தண்ணீரில் கால் வைத்தால் தோல் வழியாக ஏறுமா?

எப்சம் உப்பு என்பது மெக்னீசியம் சல்பேட். அது தோல் வழியாக ஏறுகிறது என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை. வெந்நீர் சுகம் கிடைக்கும், தாராளமாக வையுங்கள். அந்த உப்பைக் கரைத்துக் குடிக்க மட்டும் வேண்டாம், வயிற்றைக் கலக்கிப் பேதியாக்கிவிடும்.