மைதான மூலை: வாசகர் கேள்விகள்

கோல் போடுகிறவருக்குப் பணத்தைக் கொட்டுவது புரிகிறது. தடுப்பாட்டக்காரருக்கும் கோல்கீப்பருக்கும் ஐரோப்பிய கிளப்புகள் ஏன் அவ்வளவு செலவழிக்கின்றன?
– வாசகர் ஒருவர், ஏற்காடு

இந்தப் பாடத்தை நான் கைக்காசு போட்டுப் படித்தவன். முப்பது ஆண்டுகளுக்கு முன் சேலத்தில் எழுவர் கால்பந்துப் போட்டிகளுக்கு ஓர் அணியை நடத்திவந்தேன். முன்களத்தில் ஏற்கெனவே இருவர். இருவருமே பந்து தங்கள் காலடிக்கு வந்து சேர வேண்டும் என்று காத்து நிற்பவர்கள். ஈரோட்டில் ஒரு பையன் கோலாகக் குவிக்கிறான் என்று கேள்விப்பட்டு, பஸ் கட்டணமும் பிரியாணியும் கொடுத்து அவனையும் அழைத்துவந்தேன். இப்போது காத்து நிற்பவர்கள் மூன்று பேர். பந்துதான் வரவில்லை. 4-0. எங்களிடம் இல்லாதது இடது காலால் ஆடும் ஒரு பின்கள ஆட்டக்காரன். எதிரணி நான்கு முறையும் அந்தப் பக்கமாகவே வந்து போட்டுவிட்டுப் போனது. பிரியாணிக் காசுக்கு என் பையன்கள் கணக்குக் கேட்டதை இன்னும் மறக்கவில்லை.

ரியல் மாட்ரிட் இதே தவற்றைக் கோடிக்கணக்கில் செய்தது. 2003-ல் ஸ்பெயின் லீக்கை வென்ற கையோடு இங்கிலாந்து நட்சத்திரம் பெக்காமை வாங்கினார்கள். நடுக்களத்தில் பந்தைப் பறித்து மற்றவர்களுக்குக் கொடுக்கும் வேலையைச் சத்தமில்லாமல் செய்துவந்த மக்கலேலேவைச் செல்சிக்கு விட்டுவிட்டார்கள். அடுத்த லீக் பட்டம் 2007-ல்தான் வந்தது.

லிவர்பூல் நேர்மாறு. 2018 ஜனவரியில் கோல் போடவும் போட்டுக்கொடுக்கவும் தெரிந்த கூட்டினோவைப் பார்சிலோனாவுக்கு விற்றது. அதே மாதம் சவுத்தாம்ப்டனிடமிருந்து வான் டைக் வந்தார்; விலை சுமார் 7.5 கோடி பவுண்டு, ஒரு தடுப்பாட்டக்காரருக்கு அதுவரை யாரும் கொடுக்காத தொகை. மே மாதம் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் கோல்கீப்பர் பிழைகளால் தோற்றார்கள். ஜூலையிலேயே ரோமா கிளப்பிலிருந்து கோல்கீப்பர் அலிசன் வந்துவிட்டார். 2019-ல் அதே சாம்பியன்ஸ் லீக் கோப்பை, 2020-ல் முப்பது ஆண்டு காத்திருப்புக்குப் பிறகு இங்கிலாந்து லீக். சட்டையில் கிழிசல் எங்கே என்று பார்த்துத் துணி எடுத்தவர்கள் அவர்கள். நான் பிடித்த துணியை எடுத்துவிட்டுக் கிழிசலைத் தேடியவன்.

ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து அணிகள் வெளிநாட்டு வீரர்களை ஏன் எப்போதும் நடுப்பகுதியிலேயே நிறுத்துகின்றன?
– வாசகி ஒருவர், செவ்வாய்பேட்டை

கூர்மையாகப் பார்த்திருக்கிறீர்கள். 2021-22 பருவத்தில், களத்தில் ஒரே நேரத்தில் ஆடக்கூடிய வெளிநாட்டவர் எண்ணிக்கையை ஐந்திலிருந்து நான்காகக் குறைத்தார்கள். நாலே நாற்காலி என்றால் யாரை உட்காரவைப்பது? நடுத் தடுப்பு, நடுக்களம், முன்களம் என்று அணியின் முதுகெலும்புக்குத்தான் பெரும்பாலும் கொடுப்பார்கள். ஓரங்களில் ஓடுவது நம் பையன்கள். ஆகவே, ஓரத்தில் நன்றாக ஆடும் இந்தியருக்குக் கிராக்கி அதிகம். ஐ-லீக் என்ற இன்னொரு இந்தியக் கால்பந்து லீக்கை 2018-19-ல் வென்ற சென்னை சிட்டி அணியிலும் இதே கணக்குத்தான்: முன்களத்தில் மான்சி, நடுக்களத்தில் சாண்ட்ரோ, தடுப்பில் எஸ்லாவா. சுற்றிலும் உள்ளூர்க் கால்கள்.

வீரர்களைத் தேடிப்போகிறவர்கள் கணினியை நம்புகிறார்களா, கண்ணையா?
– வாசகர் ஒருவர், ஓமலூர்

இரண்டையும். ஆனால் அதிர்ஷ்டமும் கூட வர வேண்டும். லெஸ்டர் சிட்டியின் ஆள் பிரான்சின் இரண்டாம் நிலை லீக்கில் வேறொருவரைப் பார்க்கப் போய், ஓரத்தில் ஆடும் மஹ்ரெஸைக் கண்டுபிடித்தார். 2014 ஜனவரியில் ஐந்து லட்சம் பவுண்டு கூடக் கொடுக்காமல் வாங்கினார்கள். 2016-ல் லெஸ்டர் இங்கிலாந்து சாம்பியன்!

என் மகனுக்குப் பதினான்கு வயது. முன்களத்தில்தான் ஆடுவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறான். என்ன செய்யலாம்?
– வாசகி ஒருவர், அம்மாபேட்டை

எந்தக் கால் ஆட்டக்காரன் என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே அம்மா. இடது கால் என்றால் எனக்கு உடனே ஒரு தபால் கார்டு போடுங்கள்.